முறை

எங்கள் அடுக்ககத்தின் நிலவறையில் ஒரு சானா.
வெள்ளி ஏழு மணி எங்கள் வீட்டு முறை.
ஆறு மணிக்காரர் எழுந்துபோன பலகையில்
அவர் சூடு மிச்சமிருக்கும்.
யாரென்று கேட்டதில்லை.

இங்கும் நிலவறைதான்.
மூன்றாம் அறை, கன்ஃபோகல் நுண்ணோக்கி.
செவ்வாய் மாலை ஏழு முதல் பதினொன்று வரை
நாட்காட்டியில் நான் ஒரு பச்சைக் கட்டம்.
வெளியே துர்க்கு, சனவரி.
உறைந்த ஆவுரா ஆற்றின் மேல்
யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

"மருந்து கண்டுபிடிக்கிறாயாமே" என்பாள்
கணவரின் அக்கா காய்ஸு, ஒவ்வொரு விருந்திலும்.
இல்லை காய்ஸு, தேடுபவர்கள் பிறகு வருவார்கள்.
நான் தராசு செய்கிறேன்.
உள்ளங்கையளவுத் தட்டில்
முந்நூற்று எண்பத்துநான்கு குழிகள்,
குழிக்குக் குழி ஈரல் உயிரணுக்கள்.
முதல் இரண்டு வரிசைக்கு ஒன்றும் தருவதில்லை.
கடைசி இரண்டுக்குக் கொல்லும் அளவு.
செத்தவை சிவக்கும்.
அந்தச் சிவப்புக்கும் இந்த இருட்டுக்கும் எவ்வளவு தூரம்,
நாளைக்கும் அவ்வளவே இருக்குமா?
இந்த ஒரு கேள்வியோடு ஒன்பது மாதம்.
ஒன்றும் தரப்படாதவை மேல் எனக்கொரு பட்சபாதம்;
எதுவும் நடக்காமல் இருப்பதை
அத்தனை ஒழுங்காகச் செய்கின்றன.

இசட்-பிரைம் அரையைத் தாண்ட வேண்டும்.
போன வாரம் பூச்சியம் புள்ளி மூன்று ஒன்று.
உயிரணுக்களைக் குற்றம் சொன்னேன்.
சாயத்தை, சீரத்தை,
ஓரக் குழிகளில் ஆவியாகிப்போகும் நீரை,
சுவருக்குள் முனகும் வெப்பக் குழாயைக்கூட.
கடைசியில் குனிந்து கைவிளக்கு அடித்தேன்:
இருபது மடங்கு உலர் லென்ஸின் நெற்றியில்
எண்ணெய்.

பதிவேட்டில் எழுதினேன், இரண்டு அடிக்கோடு போட்டு:
'உலர் லென்ஸில் எண்ணெய்.
எனக்கு முன் இருந்தவருக்குக் கண் எங்கே இருந்தது?'
துடைக்கவில்லை.
செய்தவர் வந்து பார்க்கட்டும்.

எனக்கு முன் இருந்தவர் ஓஸ்கரி.
முகம் தெரியாது. மீன் கருக்களைப் படம் பிடிப்பவர்.
ஒரு செவ்வாயும் லேசரை அணைத்துவிட்டுப் போனதில்லை.
ஞாபகமறதி என்று அதையும்
அன்றைய கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இந்த வாரம் பதில் இருந்தது, பென்சிலில்:
'துடைத்துவிட்டேன், இரண்டு தடவை. இப்போது தெளிவு. ஓ.'

அவ்வளவுதான்.
தட்டு ஓடி முடிய இரண்டு மணி நேரம் இருந்தது.
பொழுது போகாமல் பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டினேன்.
ஓஸ்கரிக்குப் பத்து மடங்கு, பத்து மடங்கு, பத்து மடங்கு.
இரண்டு மாதமாக அவர் இருபதைத் தொடவே இல்லை.
அறுபத்துமூன்று, எண்ணெய், உடனே இருபது
என்று இருந்தது ஒரே ஒரு வரி:
ஞாயிறு மாலை,
வலப்பக்கம் சரிந்த என் கையெழுத்து.
தட்டின் அடியைத் துடைக்காமல்
லென்ஸைச் சுழற்றியிருக்கிறேன்.

அந்த வரியின் ஓரத்தில்
பென்சில் புள்ளி ஒன்று
வைத்து அழித்த தடம்.

லேசர் சூடேற அரை மணி ஆகும்.
எத்தனை செவ்வாய், எத்தனை அரை மணி,
கணக்குப் போடத் தொடங்கி
நிறுத்திவிட்டேன்.

பூச்சியம் புள்ளி ஐந்து ஆறு என்றது திரை.
ஒன்பது மாதமாகக் காத்திருந்த எண்;
'சரி' என்றேன், அதனிடம்.
பேனாவை எடுத்து அவர் பென்சிலுக்குக் கீழே
'என் எண்ணெய்' என்று எழுதினேன்.
மன்னிப்பு என்ற சொல்லைப் பாதி எழுதி
அசிங்கமாக அடித்தேன்.
அந்த அடித்தலும் இருக்கட்டும்.

பதினொன்றுக்கு ஒரு புதுப்பெயர்: வில்யா.
தட்டை எடுத்தேன். லென்ஸை மறுபடி பார்த்தேன்.
லேசரை அணைக்கவில்லை.
வில்யா நெட்டையா குட்டையா தெரியாது,
நாற்காலியை
என் உயரத்திலேயே விட்டுவந்தேன்.