ரெண்டா மூணா

ரிச்சி தெருவில் கரண்ட்
வந்து வந்து போய்க்கொண்டிருந்த பிற்பகல்.
கல்லாவுக்கு நேர் எதிரே வந்து நின்று
தோல்பையிலிருந்து எடுத்து வைத்தார் ஆரோக்கியதாஸ்,
பெரம்பூரில் கல்யாண வீடியோக்காரர்.
கறுப்பு டப்பா. மேலே ஒட்டிய பேப்பர் டேப்பில்
பேனா எழுத்து:
ராயபுரம் ரிசப்ஷன், கொளத்தூர் காதுகுத்து, அழிக்காதே.

"இது ரெண்டா மூணா, பாத்துச் சொல்லும்மா.
ரெண்டுன்னா தூக்கிப் போட்டுட்டுப்
புதுசு வாங்கிக்கறேன்.
ஒரு கல்யாணத்த ஏத்தி முடிக்கறதுக்குள்ள
பொண்ணு மாசமாயிடுது."

நான் சிரிக்கவில்லை.
காலையிலிருந்து இது பதினோராவது டப்பா.

அடியில் இருந்த லேபிள் வியர்வையில் வெளுத்திருந்தது.
எழுத்து போன பிறகு உலோகம்தான் சாட்சி.
நிறத்தை நம்புவதில்லை நான்.
நாக்குக்கு நீலம் பூசிய போலிகளை
இதே தெருவில் கூடை கூடையாகப் பார்த்தாயிற்று.
நீலம் இருக்கும், உள்ளே நாலே நாலு தகடு,
கனம் காட்ட இரண்டு நட்டு ஒட்டியிருக்கும்.
ஆகவே பிளக் எதுவானாலும் டார்ச் அடித்து,
நெற்றியிலிருக்கும் கண்ணாடியை இறக்கி எண்ணுவேன்:
முன்வரிசையில் நாலு,
பந்தியில் இடம் கிடைக்காமல்
பின்னால் ஒதுங்கி நிற்கும் ஐந்து.
ஒன்பது இருந்தால் மூன்று.
பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தால்
முட்டி போட வைத்திருப்பார்கள்.

அவர் டப்பாவின் வாய் வேறு மாதிரி.
அகலம். நடுவில் ஒரு தடுப்பு.
பெரிய போர்ஷன் ஒன்று, சின்ன போர்ஷன் ஒன்று,
திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம்.
பெரியதில் ஐந்து ஊசி, முலாம் தேய்ந்து.
சின்னதிலும் ஐந்து.
அங்கே தூசியும் ஒரு ஜிகினாத் துணுக்கும்,
யாருமே குடிவராத வீட்டின் பளபளப்பும்.

"எந்த ஒயர் போடறீங்க?"

பையைத் துழாவி எடுத்தார்,
பழைய போனின் சார்ஜர் ஒயர்.
"வந்த ஒயர் தொலஞ்சுபோச்சு.
இது கச்சிதமா உக்காருதே!"

உட்காரும்.
பழையவன் வந்தாலும் கதவு திறக்கும்படிதான்
செய்திருக்கிறார்கள் அதை.
பாதி வாயால் பழைய வேகத்தில்
பேசிக்கொண்டே இருக்கும்.
ஒரு நாளும் முறையிடாது.

"இது மூணுதாங்க. வாங்கின அன்னிக்கே மூணு."

ராயபுரம் ரிசப்ஷனை அவர் ஒயரில் ஓடவிட்டேன்:
இருபத்திரண்டு நிமிடம் என்றது திரை.
அகலத் தலை ஒயரை எடுத்துக்
கம்ப்யூட்டர் பக்கத்தைச் சட்டென்று சொருகினேன்.
தயங்கித் தயங்கி நுழைத்தால்
முன்வரிசை மட்டும் முதலில் தொட்டுத்
தன்னை இரண்டென்றே முடிவுகட்டிவிடும், சில சமயம்.
ஏழு நிமிடம்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.
ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.
விரல் மடக்கினார்:
தை, மாசி, வைகாசி, ஆவணி. மூன்று வருஷம்.
"நடுவுல நின்னுடக்கூடாதுன்னு
சிஸ்டம் பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துருக்கேன்மா.
பெரியவன் ஒத்தாசைக்கு வந்துட்டிருந்தான்.
நீதான்டா கெடுத்தேன்னு
திட்டியே தொரத்திட்டேன்.
இப்ப ஓசூர்ல இருக்கான்."

அதற்குக் கடையில் ஒயர் இல்லை.

நூற்றெண்பது சொன்னேன்.
நூற்றிருபது கொடுத்தார்.
எண்ணாமல் வாங்கிப் போட்டேன்.

சாக்கடைத் தண்ணீரில் கால் படாமல்
பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு தாண்டியவர்
தெருமுனையில் போனைக் காதில் வைத்தார்.
அந்தப் பக்கம் எடுத்தார்களா தெரியவில்லை.
குறுக்கே ஒரு மீன்பாடி வண்டி,
அட்டைப்பெட்டி அடுக்கி ஆளுயரத்துக்கு.

பழைய ஒயர் கல்லாமேலேயே கிடந்தது.
என் போனுக்குப் பொருந்தவில்லை.
முதலாளியின் பட்டன் போனில்
இப்போது அதில்தான் சார்ஜ் ஏறுகிறது,
நிதானமாக.