கேட் மூடியிருக்கும்போது

ரெண்டு இருபது என்றான் மாதவரத்தில்.
கையில் ஒரு சின்னக் காந்தம்.
கதவு கதவாக ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவன்
என் பக்கக் கதவில் வைத்தபோது
அது ஒட்டாமல் காலடியில் விழுந்தது.
'உள்ள பட்டிண்ணா' என்றான்
நான் எதையோ ஒளித்து வைத்திருந்தவன் மாதிரி.
காசிமேட்டுக் காற்றில் எட்டு வருஷம் நின்றால்
எந்த இரும்பு இரும்பாக இருக்கும், தம்பி?

இம்தியாஸ் என்று சட்டையில் பெயர் அட்டை.
நல்ல பையன். டீ வாங்கிக் கொடுத்தான்.
பின் சீட்டைத் தூக்கி
எர்ணாவூர் வெள்ளம் விட்டுப்போன கறுப்புக் கோட்டை
விரலால் தொட்டு மோந்து பார்த்தான்.
எதுவும் சொல்லவில்லை.
தாளில் எழுதியிருந்ததை அடித்து
கீழே வேறொன்று எழுதினான்.
அந்த வேறொன்றுதான் ரெண்டு இருபது.

பாக்கி மூணு அறுபத்தெட்டு.

வண்டியைக் கொடுத்துவிட்டு
கையிலிருந்து ஒண்ணு நாற்பத்தெட்டும் கொடுத்தால்
பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்;
இங்கே சுண்டைக்காயைத் தொலைத்த பிறகும்
சுமைகூலி நிற்கிறது.

'அதப் புது வண்டி லோன்லயே சேத்துறலாம்ணா.
எண்பத்துநாலு மாசம்.
தெரியவே தெரியாது.'

பாலிதீன் உரிக்காத சீட்டில் உட்காரச் சொன்னான்.
உட்கார்ந்தேன்.
அழுக்குப் படுமோ என்று
முழங்கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.
எண்பத்துநாலு மாசம் என்றால்
நாலாவது படிக்கிற ஷர்மிளி பதினொன்றாவது போயிருப்பாள்.
அதுவரை
இல்லாத வண்டிக்கும் சேர்த்து
இருக்கிற வண்டி ஓட வேண்டும்.
தெரியவே தெரியாதாம்.

யோசிச்சுச் சொல்றேன் என்று கிளம்பினேன்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
அது எப்போதும் மூடித்தான் இருக்கும்.
முன்னால் தண்ணீர் லாரி, ஒழுகிக்கொண்டு.
பக்கத்தில் மீன்பாடி வண்டி, ஐஸ் உருகிக்கொண்டு.
எஞ்சினை நிறுத்தினேன்.
நிறுத்தக் கூடாது, மறுபடி எடுக்காது என்று தெரியும்.
டீசல் என்ன விலை என்றும் தெரியும்.

துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் ரயில்.
சும்மா எண்ண ஆரம்பித்தேன்.
பெட்டிக்கு ஒரு தவணை, பதிமூவாயிரத்து எண்ணூற்றைம்பது.
பச்சை. துரு. நீலம். துரு.
இருபதில் ஒருவன் பைக்கைக் குனித்துக் கேட்டுக்கடியில் போனான்.
முப்பத்தொன்று.
இதோடு என் கடன் தீர்ந்தது.
ரயில் தீரவில்லை.
எண்பத்துநாலு வரை இருந்தால் பார்க்கலாம் என்று விடாமல் எண்ணினேன்.
நாற்பத்தைந்தில் முடிந்துவிட்டது.
அவ்வளவு நீளத்துக்கு இந்தத் தண்டவாளத்திலேயே ரயில் கிடையாது.

சகாயமேரி போன் பண்ணினாள்.
ஸ்டான்லியில் ரத்தம் எடுக்கிறவள்,
நரம்பைத் தேடாமல் நேராகக் குத்துவாள்.
'எவ்ளோ சொன்னான்?'
சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது.
'வித்தாலும் கடன், வச்சிருந்தாலும் கடன்.
ஓடுற கடனா இருந்துட்டுப் போட்டும்.'
'கிளட்ச் போகப் போகுதுடி. பதினெட்டாயிரம்.'
'என்னோட ஏலச்சீட்டு ஆவணியில விழும்.'
'அதுவரைக்கும்?'
'டோக்கன் எண் நூத்திப் பன்னெண்டு' என்றாள்,
எனக்கில்லை, யாருக்கோ.
போனை வைத்துவிட்டாள்.

பின்னால் ஹாரன் அலறியது. கேட் தூக்கிவிட்டார்கள்.
முதல் தடவை சாவி திருகினேன். முனகல்.
ரெண்டாவது தடவை அதுவும் இல்லை.
இம்தியாஸின் நம்பர் எழுதிய அட்டை
டேஷ்போர்டில் வெயிலுக்கு நெளிந்து கிடந்தது.
மீன்பாடிக்காரன் இறங்கி வந்தான்.
'இன்னா தலைவா, கியர்ல போடு' என்று
பட்டி பூசிய கதவில் தோளை வைத்தான்.
இன்னும் ரெண்டு பேர் சேர்ந்தார்கள்,
யாரென்று தெரியாது.

தண்டவாளத்தின் மேட்டில் ஏறும்போது
உதறிக்கொண்டு பிடித்தது.

இறங்கி நன்றி சொல்ல முடியாது,
நிறுத்தினால் நின்றுவிடும்.
கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினேன்.
டோல்கேட்டில் கன்னியப்பன் பட்டறை
எட்டு மணி வரை திறந்திருக்கும்.