அட்டையில் தேதி

இரவில் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துவிட்டு
காலையில் பல் விளக்கும் முன் எடுத்துப் பார்க்கிறேன்.
பதினான்காம் தேதி: மூன்று சொட்டு, ஒன்றுக்கு வால்.
பதினைந்து: ஒரே பெரிய வட்டம், ஓரம் பிசிறடித்து.
பதினாறாம் தேதி நாய் அட்டையை இழுத்துப் போயிருந்தது.
முனிரத்தினம்மாவின் சிமெண்ட் தரை குடித்துவிட்டது.

"தண்ணி ஒழுகுனா பிளம்பர கூப்பிடலாம்.
எண்ண ஒழுகுனா யார கூப்பிடறது?"
வாடகைக்கு வந்து நின்று கேட்டார்.
என்னைத்தான் என்றேன்.

எனக்கு வேலை மாங்கூழ் ஆலையின் பரிசோதனை அறையில்.
பெங்களூராவின் இனிப்பை ஒரு துளியில் பார்த்து
எண்ணாக எழுதிவைப்பேன்.
சீசன் முடிந்து ஆலை வாய்மூடிய ஆவணியில்
ஜெகதேவிப் பக்கம் ஒரு குவாரி ஷெட்டில் கிடந்ததை
மினி லாரியில் ஏற்றி வந்தேன்.
எழுபத்தொன்றாம் வருடத்துப் புல்லட்.
கல்தூள் அப்பி, இன்ன நிறமென்று சொல்ல முடியாமல்.

மூன்றாம் உதையில் உயிர் வந்தது.
நாலாம் நாளில் ஒழுக ஆரம்பித்தது.

ராக்கர் கவர் கேஸ்கட் என்றார் பழையபேட்டை சிக்கந்தர்.
மாற்றினேன். டைமிங் கவரில் கசிந்தது.
அதையும் மாற்றினேன். புஷ்ராடு குழாயின் அடியில்.
ராயக்கோட்டை ரோட்டில் கோவிந்தப்பா
எழுந்துகூட வரவில்லை.
"புல்லட்டுன்னா அப்படித்தாம்மா,
ஒழுகறத நிறுத்துனா எண்ண தீந்துபோச்சுன்னு அர்த்தம்."
இதுவரை இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.
பெட்டிக்கடை நோட்டு மாதிரி எழுதிவைத்திருக்கிறேன்.

ஈரம் தெரிகிற இடம் ஒழுகுகிற இடமல்ல.
ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும்,
துடுப்பு துடுப்பாக இறங்கி
சம்பந்தமே இல்லாத ஒரு போல்ட்டில் போய்த் தொங்கும்.
அந்த போல்ட்டை முறுக்கி முறுக்கி
மரை தேய்த்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெயில் எஞ்சினைக் கழுவினேன்,
பழைய பனியனால் துடைத்தேன், வெயிலில் காயவிட்டேன்.
குட்டிக்கூரா பவுடரை டப்பா தீரும்வரை தட்டினேன்.
பள்ளி ஆண்டுவிழாவில் வேஷம் கட்டிய பையன் மாதிரி
வெளுத்து நின்றது. அப்படியே அணைவரை போய் வந்தேன்.
சுங்கச்சாவடிக்காரர் தும்மினார்.

டார்ச் அடித்துக் குந்திப் பார்த்தால்
பவுடரில் முதல் ஈரம்
இங்கே. அங்கேயும். அதற்கு மேலேயும்.
ஒரே நேரத்தில் எல்லாத் தையலும் விட்டிருந்தது.
எண்ணெய் மூடியைத் திருகினேன்.
உள்ளிருந்து புஸ்ஸென்று
நெடுநாள் அடக்கிய ஏதோ ஒன்று
என் முகத்தில் வந்து மோதியது.

மூச்சுக்குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன்.
போகவில்லை.
சைக்கிள் கம்பியை விட்டுக் குடைந்தேன்.
செம்மண். சிமெண்ட் போல இறுகிய செம்மண்.
இன்னும் குடைய, ஓர் அறை. அறைக்குள்
மடித்த கால்களுடன் ஐந்து சிலந்திகள்,
உலர்ந்து, உமியைவிட லேசாக.
குழந்தைக்கென்று கொண்டுவந்து அடுக்கியவை.
குழந்தை சாப்பிடவில்லை போலும்.
ஒரு குளவி ஷெட்டில் என்றோ பூசிய அரை அங்குலம்
இத்தனை கேஸ்கட்டுகளை என்னிடம் விற்றிருக்கிறது.

பதினேழாம் தேதி அட்டை: வெறும் அட்டை.
பதினெட்டு: ஒரு சொட்டு, கியர் தண்டின் நேர்கீழே.
அதன் சீல் எண்பது ரூபாய். பார்க்கலாம்.

குழாய் வாயில் டீ வடிகட்டியின் வலையை வெட்டிக் கட்டினேன்.
அன்று மதியமே ஒரு குளவி வந்தது.
வலையைத் தொட்டது, சைலன்ஸரைச் சுற்றியது,
சூட்டுக்கு விலகி
சுவரோரமாகப் பறந்து போனது.

நேற்று முனிரத்தினம்மா வீட்டுச் சாவித்துவாரத்தில்
ஈரச் செம்மண் பார்த்தேன்.
இன்னும் சொல்லவில்லை.