படிவத்தில் இல்லாத கட்டம்

கடன் கேட்டுப் போன ஐந்தாவது வங்கியில்
மேலாளர் பேனா மூடியைக் கடித்தபடி கேட்டார்:
"இதுல ஓனர் யாரு?"
நாற்பத்திரண்டு பேர், என்றேன்.
படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கமும் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

ஒத்தக்கடை தாண்டி
யானைமலை படுத்துக்கிடக்கும் பக்கமாய்
எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர்.
நாலு வருஷச் சீட்டுப்பணம், கழற்றின தோடு,
கமருன்னிசாவின் ஓவர்டைம்.
சர்வே எண்ணில் ஓர் எழுத்துப் பிசகி
நிலம் காகிதத்தில் கண்மாய்க்குள் கிடந்தது.
அதைக் கரையேற்றப் பதினெட்டு மாசம்.
அதற்குள் அடுத்த மனைக்காரன்
வளைவு வைத்து, கொடி நட்டு,
முக்கால்வாசி விற்றுவிட்டான்.

சங்கம் என்றாலே சிரிக்கிறார்கள்.
"எங்கப்பாவும் ஒரு சங்கத்துல கட்டினாரு.
செயலாளர் வீடு மட்டும் மூணு மாடி."
பொய்யில்லை. அதனால்தான்
வரவு செலவை மாசாமாசம்
டீக்கடைச் சுவரில் ஒட்டுகிறேன்.
வடை போடுகிறவர் கூட்டிப் பார்த்து
பதினொரு ரூபாய் உதைக்குதே என்றார்.
கைக்காசைப் போட்டேன்.

வங்கியைவிட, தாசில்தாரைவிட
கனமாய் இருந்தது ஒரு சுவர்.
வரைபடத்தில் அது ஒன்பது அங்குலம்,
இரண்டு வீட்டுக்கும் பொது.
"அந்தப் பக்கம் யாருன்னு
முன்னாடியே தெரிஞ்சா நல்லது" என்றார்
தனுஷ்கோடி, என்னைப் பார்க்காமல்.
மற்றவர்கள் டீ டம்ளரைப் பார்த்தார்கள்.
மாநகராட்சியில் குப்பை வண்டி தள்ளும்
பாக்கியசெல்விதான் சொன்னாள்:
"குலுக்கிப் போடுங்க."

பெயின்ட் வாளியில் நாற்பத்திரண்டு சீட்டு.
பதினேழு, தனுஷ்கோடி.
பதினெட்டு பாக்கியசெல்விக்கு என்று எழுதினால்
கதைபோல இருக்கும்.
பதினெட்டு எனக்கு வந்தது.

மூன்று பேர் பங்குத்தொகையைத் திருப்பிக் கேட்டார்கள்.
கொடுத்தோம். விதி.
துணைவிதி ஒன்பதில் இருக்கிற விதி.
அந்த மாசம் போர்வெல் தள்ளிப்போனது.

தனுஷ்கோடி கேட்கவில்லை.
சீட்டை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
செருப்பு மாட்டினார்,
வாசல்வரை போய்த் திரும்பி வந்து
"பூச்சு ரெண்டு பக்கமும் ஒரே கலவைதானே?" என்றார்.
ஒரே கலவை, என்றேன்.
"ஆணி அடிச்சா சத்தம் கேக்கும்" என்றார்.
கேக்கும், என்றேன்.

இப்போது முப்பத்தொன்பது பேர்.
அந்த மூன்று இடத்துக்குப் பதினாறு மனு,
இரண்டு சிந்தாமணியிலிருந்து,
ஒன்று வளைவு வைத்த மனைக்காரனின் வாட்ச்மேன்.

நாளை ஆறாவது வங்கி.
பைக்குள் மூலப்பத்திரம், வில்லங்கம், தீர்மான நகல்.
கூடவே மகனின் ஸ்கேலை எடுத்து வைத்திருக்கிறேன்.
அளந்து பார்த்துவிட்டேன்:
பொடியாய்க் கோடு கிழித்தால்
அந்தக் கட்டத்துக்குள்
முப்பத்தொன்பது பிடிக்கும்.