கேட்டால் ஆட்டுக்கறி

'காடு நம் சொத்து'
பலகைக்குப் பின்னால்தான் பதுங்கியிருந்தோம்.
தொட்டஹள்ளா ஓடையில்
தலை தாழ்த்தியது கடமான்.
குதிரை உயரம்.
கரிமருந்து நமுத்திருக்குமோ என்று
நினைக்கும்போதே வெடித்தது.

மூன்று வருஷம் வெறுங்கையோடு திரும்பியவன் நான்.
கத்த வேண்டும்போல் இருந்தது.
மாரப்பன் வாயைப் பொத்தினான்:
'ரேஞ்சர் ஜீப்பு நாட்றாம்பாளையத்துல நிக்குதுடா.'

அவன் உரித்து முடிக்கும்வரை
முன்னங்கால் சூடாகவே இருந்தது.
கொம்பை மட்டும் கேட்டேன்.
சிரித்தான்.
பாழுங்கிணற்றில் வீசினான்.
சத்தம் வர நேரமானது.

மறுநாள் ஏழு வீட்டில் களிக்குக் குழம்பு.
கேட்டால் ஆட்டுக்கறி.

அஞ்செட்டி டீக்கடையில் ஒருவன்
ஒகேனக்கலில் பிடித்த வாளையைக்
கைகளை அகட்டி அகட்டிக் காட்டினான்.
'அவ்வளவு பெருசா?' என்றேன்,
என் கைகளை
லுங்கிக்குள் மடித்துக்கொண்டு.