ம்

வாபெர்னுக்குப் போகும் ஒன்பதாம் நம்பர் ட்ராமில்
பதினெட்டு வருடமாய் எனக்கு யன்னலோர இடம்.
இறங்கியதும் பெயரைக் கழற்றிக்
கோட்டுப் பைக்குள் வைத்துவிடுவேன்.
அறைக்குள் எனக்கு ஓர் எண் போதும்.

முதல் நாளே திருமதி ட்ஸ்பிண்டன் சொன்னார்:
கூட்டாதே, குறைக்காதே, விளக்காதே.
அவர் அழுதால் நீ அழாதே.
தண்ணீர் வேண்டுமென்றாலும் நான்தான் கொடுப்பேன்.
அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்.

சொன்னேன்.
நான் முகமாலையில் பிடிபட்டேன்.
நான் இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.
என் இடது காதில் அன்றிலிருந்து ஒரு வண்டு இரைகிறது.
மத்தியானம் கன்டீனில் உருளைக்கிழங்கு ரொஷ்டி தின்றேன்.
திரும்ப வந்து
நான் கடலில் மூன்று நாள் கிடந்தேன்.

நல்ல மொழிபெயர்ப்பாளர்
அறையில் இருப்பதே தெரியக்கூடாது என்பார்கள்.
எனக்கு நல்ல பெயர் இருந்தது.

இப்போது மேசை நடுவில் அது இருக்கிறது.
சவர்க்காரக் கட்டி அளவு, சாம்பல் நிறம்.
எனக்கு ஓரத்தில் ஒரு கதிரை, ஒரு பென்சில், ஒரு படிவம்:
பிழைகளைக் குறிக்கவும்.
ஆறு மாதத்துக்கு மட்டும்.

அது பேசியது.
யாழ்ப்பாணத் தமிழ், கொஞ்சம் மூக்கால்.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன் சின்னதாய் ஒரு மூச்சு.
மூச்சு அதற்கு எதற்கு?
'களைப்பா இருந்தாச் சொல்லுங்கோ, கொஞ்சம் நிப்பாட்டுவம்.'
இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை.
சொல்லியிருந்தால் கடிதம் வந்திருக்கும்.
எங்கே படித்தது என்று ஏபிஷரிடம் கேட்டேன்.
உங்கள் பழைய ஒலிப்பதிவுகளில்தான் பெரும்பாலும்,
என்றார், கோப்பியைக் கலக்கியபடி.

எதிரே இருந்த பையனுக்கு இருபது இருக்கும்.
ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.
விலைச்சீட்டின் நூல் இன்னும் கைமடிப்பில் தொங்கியது.
அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தீர்களா?
ஏபிஷர் கேட்டார். அது தமிழில் கேட்டது.
பையன் சொன்னான்:
ம்.

இதை எப்படி எண்ணுவது, எங்கள் மொழியில்?
ஓம் என்பதற்கு ஒரு ம்.
கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல் என்று ஒன்று.
கதை கேட்கும் பிள்ளை இன்னும் தூங்கவில்லை என்பதற்கு.
சொல்ல வந்து, வேண்டாமென்று வாயை மூடும்போது
மூக்கு வழியாகத் தப்பிப்போவது.

அது 'யா' என்றது.
டைப் அடிக்கும் சத்தம்.

பென்சிலை எடுத்தேன். வைத்தேன்.
இரண்டாயிரத்துப் பத்து, தை மாதம், இதே அறை.
சந்திரகாசன் என்றொருவர், முன்பல் இரண்டு இல்லை.
இதே கேள்வி.
அவர் ம் என்றார்.
நான் 'யா' என்றேன்.
பக்கம் பக்கமாய் வாசித்துக் காட்டினேன், ஒப்பமிட்டார்.
நாலு பத்து ட்ராமைப் பிடிக்க வேண்டியிருந்தது.
அவருக்கு என்ன ஆயிற்றென்று நான் விசாரிக்கவில்லை.
விசாரிக்க, நான் அங்கே இருக்கவேயில்லையே.

அந்த 'யா' எங்கேயும் போகவில்லை.
என் மூக்கோடு, என் அவசரத்தோடு
இதோ மேசை நடுவிலிருந்து வருகிறது.

பிறகு அது நின்றது.
பையன் பக்கம் திரும்பியது என்று எழுத வருகிறது,
திரும்ப அதற்குக் கழுத்தில்லை.
'தம்பி, இப்ப சொன்ன ம், எந்த ம்?'

நிச்சயமில்லாவிட்டால் கேள் என்று
யாரோ ஒரு விதி எழுதிக் கொடுத்திருப்பார்கள்.
இருக்கட்டும்.
எனக்கும் விதிதான் எழுதித் தந்தார்கள்.

பையன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
எங்களில் யார் கேட்டதென்று தேடுகிறவன் மாதிரி.
யன்னலுக்கு வெளியே குர்டன் மலையில்
பனி பாதிவரை இறங்கியிருந்தது.
அவன் நூலைப் பிய்த்தான்.
பிறகு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.

படிவத்தில் கடைசிக் கேள்வி:
மொழிபெயர்ப்பில் மனிதத்தன்மை இருந்ததா?
ஆம், இல்லை, இரண்டே பெட்டி.
யாருடைய மொழிபெயர்ப்பில் என்று போடவில்லை.
பக்கத்தில் மூன்றாவதாய் ஒன்று கீறி, அதற்குள் எழுதினேன்.
இது என்ன எழுத்து, என்றார் ஏபிஷர்.

அதைக் கேளுங்கள், என்றேன்.