உடனடியாக அமலுக்கு வருகிறது

அதிகாலை நாலு பத்துக்கு
டெல்லியிலிருந்து ஒரு தாள் வந்தது.
அங்கே இரவு பதினொன்று நாற்பது,
முத்திரை குத்துகிறவர் இன்னும் தூங்கவில்லை.
'மாநிலத் தலைவர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.
அவரது பணிகளைக் கட்சி பாராட்டுகிறது.
உடனடியாக அமலுக்கு வருகிறது.'

விடுவிக்கப்பட்ட மாசிலாமணி அண்ணன் அந்நேரம்
வென்ட்வொர்த்வில்லில், எங்கள் வீட்டில்,
என் மகனின் டைனோசர் போர்வைக்குள்
குரங்குக் குல்லாயோடு
குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் அயலக அணியின் பொருளாளர், சிட்னி மேற்கு.
ரசீதுப் புத்தகம் என்னிடம்.
மண்டபத்துக்கு முன்பணம்,
செவன் ஹில்ஸில் அடித்த பேனருக்கு நூற்று நாற்பது டாலர்.
மூன்று மீட்டர் அகலத்தில் அவர் கைகூப்பி நிற்கிறார்,
ஓரத்தில் தபால்தலை அளவுக்கு நாங்கள்.

யார் சொல்வதென்று சமையலறையில் அவசரக் கூட்டம்.
அமைப்பாளர் ரெங்கநாயகம் குரலைத் தாழ்த்தினார்:
"நீங்க சொல்லுங்க மேடம், பொம்பளைங்க சொன்னா பதமா இருக்கும்."
பதம் பார்த்து இறக்க
இதென்ன வெல்லப்பாகா?

விடிவதற்குள் பிளாக்டவுன் கோஷ்டி
புதியவர் படத்தை வாட்ஸ்அப் முகப்பில் ஏற்றிவிட்டது.
எண்பது பேர் பட்டியல்
இட்லி வேகும் நேரத்தில் இளைத்துப்போனது.
பிள்ளைக்குக் காய்ச்சல். கார் பேட்டரி.
மெல்போர்னிலிருந்து திடீர் மாமனார்.
ஒருவர் மட்டும் உண்மை சொன்னார்:
"தம்பி ஊர்ல வார்டுக்கு நிக்கப்போறான்க்கா,
இந்த நேரத்துல என் மூஞ்சி எந்தப் போட்டோலயும் வரக்கூடாது."

அண்ணன் ஐந்து இட்லி சாப்பிட்டார்.
போனைத் தொடவில்லை.
தட்டைக் கழுவி வைத்துவிட்டு
கொல்லையில் யூகலிப்டஸைப் பார்த்து நின்றார்.
"இதுல கிளை தானா முறியுமாமே?"
"ஆமாண்ணே. காத்தே இல்லாத பகல்லகூட.
மரமே உதறிடும்."
"அடியில யாராவது இருந்தா?"
"இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."
சிரித்தார்.
அங்கேயே நின்றார்.

நாலு மணிக்கு மண்டபத்தில் பதினோரு பேர்,
அதில் இருவர் டீக்காக.
மைக் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.
"அருப்புக்கோட்டையில என் பூத்துல
நம்ம கட்சிக்கு ஒன்பது ஓட்டு.
என் வீட்டுலயே பத்துப் பேர்.
முப்பத்தொரு வருஷமா அந்த ஒரு ஆளைத் தேடிக்கிட்டிருக்கேன்."
பிறகு கொஞ்சம் மெதுவாக,
"டெல்லி ஆபீஸ்ல நான் மதராஸி.
ஊருக்குப் போனா டெல்லிக்காரன்.
நடுவுல ஓடுற ரயில்ல மட்டும்
யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க,
டிக்கெட்டைத் தவிர."

கைதட்டல் பதினோரு பேருக்கு உரிய அளவு.
ஹீட்டர் இன்னும் கொஞ்ச நேரம் தட்டியது.

பெருக்கிக் கொடுத்தால்தான் முன்பணம் திரும்பும்.
துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.
அறுபத்தொன்பது பிரியாணிப் பொட்டலங்கள்
பின் சீட்டில் மணக்க, காரில் சொன்னார்:
"சிங்கப்பூர்ல பிளைட் மாறும்போதே ஒரு போன் வந்துச்சும்மா."

சிக்னல் பச்சையானது. நான் நகரவில்லை.
பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

"அப்புறம் ஏண்ணே வந்தீங்க?"
"எண்பது பேருக்குச் சாப்பாடு சொல்லிட்டேன்னு
நீ மெசேஜ் போட்டிருந்தியே."

திங்கள் காலை குப்பை வண்டி.
ஞாயிறு இரவே தொட்டிகளைத் தெருவில் வைக்கவேண்டும்.
கராஜ் வெளிச்சத்தில்
தானே பேனரை மடித்துக்கொண்டிருந்தார்,
வேட்டி மடிக்கிற நேர்த்தியில்.
ஒரு மடிப்பு சரியாக மீசையில் விழுந்தது.
"பொருளாளரம்மா,
இது மஞ்சள் மூடியா, சிவப்பு மூடியா?"

மஞ்சள் மறுசுழற்சிக்கு.
இந்த பிளாஸ்டிக்கை அதில் எடுக்கமாட்டார்கள்.
"சிவப்புண்ணே."

அமுக்கினார். மூடி முழுக்க மூடவில்லை.
கூப்பிய கை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க
தெருமுனை வரை
உருட்டிக்கொண்டு போனார்.